தொலை: 0.2 ஒளியா

தொலை என்கிறது திரை. முன்பின் அறிமுகம் இல்லாமல், அறுபதைத் தாண்டிய ஆள் என்ற மரியாதையும் இல்லாமல், தொலை. பக்கத்தில் 0.2 என்று ஓர் எண். அதற்குப் பக்கத்தில், ஒளியா? ஒளிதான், வேறென்ன, விண்வெளி முழுக்க அதுவும் இருட்டும்தானே என்று பதில் சொல்லத் தோன்றுகிறது. தவறு மொழிபெயர்த்தவர் மேல் இல்லை. அவர் தொலைவு என்றும் ஒளியாண்டு என்றும்தான் எழுதியிருக்கிறார். இந்தக் கணினி விளையாட்டைச் செய்தவர்கள் தங்கள் மொழிக்கு அளவெடுத்துப் பெட்டிகளைத் தைத்துவிட்டார்கள். தமிழை உள்ளே திணித்தால் கையும் காலும் வெட்டுப்படுகின்றன. தொலைவு நமக்கு மூன்று எழுத்து. கணினிக்குக் கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. ஆறு என்று எண்ணிவிட்டு, நான்குக்கு மேல் இடமில்லை என்று கடைசி எழுத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது. இதை விளக்கி ஷெரினுக்கு ஒரு பக்கம் எழுதினேன். ஷெரின் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஏழெட்டு மொழிக்காரர்களை மேய்க்கும் பெண். சார், அது டெவலப்பர் சைடுல சரி பண்ணணும், நீங்க வார்த்தை சரியான்னு மட்டும் பாருங்க என்று ஒரு வரி வந்தது. வார்த்தை சரிதான். கல்லூரியில் முப்பது வருடம் தமிழ் நடத்திவிட்டு, பாதியில் கைவிடப்பட்ட ஓர் அகராதித் திட்டத்தில் சகர வரிசை வரை போய்விட்டு, இப்போது மத்தியான வேளையில் கைப்பிடியும் பொத்தான்களுமாக உட்கார்ந்து ஒரு விண்கலம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. வார்த்தை சரிதான். மிச்சம்தான் வெட்டுப்பட்டிருக்கிறது.

இந்த விளையாட்டில் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். பொத்தானை அழுத்தினால் ஒரு சுரங்கம் போலத் திரை சுழலும், வேறொரு சூரியன் முன்னால் நிற்கும். ஆனால் ஒரே குடும்பத்து விண்மீன்களுக்குள் தாவ முடியாது. அங்கே நடந்துதான் போக வேண்டும், நடை என்பது ஒளியைவிடப் பல மடங்கு வேகம் என்றாலும். கடைக்கோடி நிலையம் அப்படிப்பட்ட இடம். பெரிய விண்மீனின் ஒன்றுவிட்ட தம்பி போல எங்கோ தள்ளி நிற்கும் சிறிய சிவப்பு விண்மீன் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கலத்தை அந்தத் திசையில் திருப்பிவிட்டு, வேகத்தை முழுக்கத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். விளையாடுகிறவர்கள் இந்த நேரத்தில் சாப்பிடுவார்களாம். நான் அங்கே போவதற்குக் காரணம், நிலையத்தை நெருங்கும்போது மட்டும் தோன்றும் ஒரு சொற்றொடர். தொலைவுப் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி இருக்கிறது. ஒரு கலம் இன்னொன்றோடு பேசக்கூடிய எல்லைக்குள் வந்துவிட்டால் அது பச்சையாக மாறும். அந்த எல்லைக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்த பெயர் ஆலங்கட்டி வரம்பு. இங்கிலீஷில் அழைப்பதற்கும் ஆலங்கட்டி மழைக்கும் ஒரே சொல்; அவர் அவசரத்தில் மழையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி அதையும் வெட்டி ஆலங்கட்ட என்று வைத்திருக்கிறது. அழைப்பு வரம்பு என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். ஷெரின் கேட்கமாட்டாள், உலகத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. அகராதிச் சொல் இல்லை, புழக்கத்தில் இருக்கிற சொல், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லுகிற சொல். எனக்குத் தெரியும். நேற்று மாலையிலிருந்து வரமாட்டேன் என்கிறது. அதனால் எனக்கும் எனக்கும் ஒரு பந்தயம். கலம் கடைக்கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் சொல் வந்துவிட்டால், இது வயது, எல்லோருக்கும் வருவது, விட்டுவிடலாம். வராவிட்டால் வசந்தாமணியிடம் சொல்லிவிட வேண்டும். வேலப்பண்ணனுக்கு வந்த மறதி எனக்கும் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று. நரம்பு டாக்டரிடம் போக வேண்டும் என்று.

வசந்தாமணி வீட்டில் இல்லை. சாப்பாடு முடிந்ததும் மிளகாய் காயவைத்திருக்கிறேன், சரளாவோடு அதைப் புரட்டிவிட்டு வருகிறேன் என்று போனாள். போகிற போக்கில் என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்து, இன்னுமா போய்ச் சேரல, டவுன் பஸ் பரவால்லீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு இந்த வேலை மேல் ஒரு தனிப் பரிகாசம் உண்டு. எங்க வீட்டுக்காரர் ராக்கெட் ஓட்டறார் என்று நான் இருக்கும்போதே போனில் சொல்லுவாள். ஓட்டுகிறேன்தான். மின்விசிறி சுற்றுகிறது. அடுப்படியில் மத்தியானப் புளிக்குழம்பின் வாசனை இன்னும் தங்கியிருக்கிறது. வெளியே எந்த வீட்டிலோ சுவரைத் துளை போடுகிறார்கள். நிறுத்துகிறார்கள், இனி இல்லை என்று நம்பியதும் மறுபடி தொடங்குகிறார்கள். திரையில் விண்மீன்கள் அசையவில்லை. இவ்வளவு வேகத்தில் போகிறோம், ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. அயர்ச்சியாக இருக்கிறது. தூக்கம் இல்லை, வேலைக் களைப்பும் இல்லை, ஒரே கதவை வெகுநேரமாகத் தள்ளிக்கொண்டிருப்பவனுக்கு வருகிற அயர்ச்சி.

இரண்டு சொல், அது தெரிகிறது. இரண்டாவது தூரம். அதில் சந்தேகம் இல்லை. முதல் சொல்தான். கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை, அது பார்வை. கல்லெறி தூரம் இல்லை, அது கை. குரல் எட்டும் தூரம் என்று நானே செய்து பார்த்தேன், பொருள் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் செய்தது என்று தெரிகிறது, வாங்கிய சட்டைக்கும் வீட்டில் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம். ககர வரிசையில் தொடங்கும் என்று உள்ளே ஏதோ சொல்கிறது. அகராதிக்காரன் புத்தி, வரிசையாகப் போவோம். க, கட்டை, கடை, கத்து, கத்தும் தூரம்? இல்லை. கா, காது, காதம், காதம் ஒரு அளவு, ஆனால் வேறு. கி, கிட்டத்து, இல்லை. கீ ஒன்றும் இல்லை. கு, குரல் முன்பே பார்த்தாயிற்று, குறுக்கு, இல்லை. டிங் என்று ஷெரின். சார், சாயங்காலத்துக்குள்ள அந்த ஃபைல் முடிஞ்சிடுமா, மலையாளம் முடிச்சிட்டாங்க. மலையாளம் எப்போதும் முடித்துவிடுகிறது. முடிந்துவிடும் என்று அனுப்பினேன். எங்கே விட்டேன்? கெ. கெ ஒன்றும் இல்லை. கே, கேட்கும் தூரம்? கிட்டத்தட்ட. ஆனால் இல்லை. கேட்பவன் பக்கத்திலிருந்து வருகிற சொல் இல்லை அது, சத்தம் போடுகிறவன் பக்கத்திலிருந்து வருவது. கை, கொ, கோ, கௌ. வரிசை முடிந்துவிட்டது. தொலை என்கிறது திரை, 0.17, ஒளியா.

நம் ஆட்களிடம் தூரம் கேட்டால் தூரத்தைச் சொல்ல மாட்டார்கள். ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? பத்து நிமிஷம். பேரூர் எவ்வளவு தூரம்? இப்ப கிளம்புனா அரை மணி நேரத்துல போயிரலாம். இதைத்தான் வானியல்காரர்கள் ஒளியாண்டு என்று கௌரவமாகச் செய்கிறார்கள், நடக்கிறவன் ஒளி, அவ்வளவுதான். ஆனால் வசதி கூடினால் குழப்பமும் கூடும். இந்த விளையாட்டிலேயே ஒரு கடத்தல்காரன் வந்து, பத்து ஒளியாண்டுகளாக உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறான். ஒளியாண்டு காலம் அன்று, தூரம் என்று குறிப்பு எழுதினேன். மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர். கடத்தல்காரன் படிக்காதவன், தப்பாகத்தான் பேசுவான் சார் என்று ஷெரின். சரிதான் என்று விட்டுவிட்டேன், படிக்காத கடத்தல்காரன் இருபத்தைந்தாம் நூற்றாண்டில் கலம் ஓட்டுகிறானே என்று மட்டும் கேட்டுவிட்டு. நம் பழைய அளவுகளில் யோசனை என்று ஒன்று உண்டு. எத்தனை காதம் ஒரு யோசனை என்பது அகராதிக்கு அகராதி மாறும். மாணவர்களுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு துணுக்குச் சேர்ப்பேன், ஒருவன் யோசனையில் இருக்கிறான் என்றால் அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. வருடா வருடம் அதே இடத்தில் அதே சிரிப்பு. இப்போது பார்த்தால் அது துணுக்கு இல்லை. அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். என்னண்ணா யோசனை என்று கேட்பேன். தலையை மெதுவாகத் திருப்புவார். எங்கிருந்து திரும்பி வருகிறார் என்று பார்த்தால் பல காதம்.

வேலப்பண்ணன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கூடப் பிறந்தவர், எனக்கு எட்டு வயது மூத்தவர். ஊரில் எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பத்துக்கு எந்தக் கம்பி போகிறது என்று அவருக்குத் தெரியும். முதலில் பெயர்கள்தான் போயின. ஆட்களின் பெயர் இல்லை, பொருள்களின் பெயர். ஒருநாள் நான் போயிருந்தபோது, டேய் சென்னி, அந்தக் காத்துச் சக்கரத்தக் கொஞ்சம் போடு என்றார். நான் மின்விசிறியைப் போட்டேன். எவ்வளவு அழகான சொல் என்று வியந்தேன். கலைச்சொல் ஆக்கத்துக்குக் குழு போட்டு டீயும் வடையும் தின்று நாங்கள் உருவாக்கிய எந்தச் சொல்லும் அதன் பக்கத்தில் நிற்காது. பூட்டைக் கதவு வாய் என்றார். கைக்கடிகாரத்தை மணிக் காப்பு என்றார். எல்லாவற்றையும் கருணாம்பா அண்ணியிடம் மெச்சினேன், அண்ணனுக்குள்ள ஒரு புலவர் இருக்கார் பாருங்க என்று. அண்ணி சிரித்தார், ஆமா, இத்தன நாள் எங்க ஒளிஞ்சிருந்தாரோ என்று. இருவரும் சேர்ந்து சிரித்தோம், அண்ணனும் சேர்ந்து சிரித்தார். அவர் சொற்களைக் கண்டுபிடிக்கவில்லை, தொலைத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பொருளின் பெயர் போய்விட்டால் அதன் வேலையைச் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் குழுவில் செய்ததும் அதுதான், பெயர் இல்லாத பொருளுக்கு வேலையைச் சொல்லிப் பெயராக்கினோம். செய்முறை ஒன்றே. நாங்கள் பொருளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம், அவர் விலகிப் போய்க்கொண்டிருந்தார், அந்த ஒரு வித்தியாசம்தான். கடைசியில் அண்ணியை, சோறு போடற அம்மா என்றார். அதையும் ஒரு புதுச் சொல்லாக எடுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

பொருளின் வேலையைச் சொல்வது. போன வாரம், வசந்தாமணி அடுப்படியில் நிற்கிறாள், நான் சாப்பாட்டு மேசையில். குழம்புச் சட்டி முன்னால் இருக்கிறது. எடுக்க வேண்டியது அவள் பக்கம் இருக்கிறது. வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. அது சின்ன இடறல் இல்லை, நுனிநாக்கில் நிற்பதும் இல்லை. அந்த இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. கண்முன்னால் பளபளவென்று அது தெரிகிறது, கைப்பிடி வளைந்திருக்கிறது, நுனியில் குழி. அந்த அள்ளறத எடு என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணைச் சிமிட்டியிருக்க வேண்டும், அல்லது அவள் அப்படி நினைத்துக்கொண்டாள். உங்க அகராதியில கரண்டிக்குப் புதுப் பேராக்கும் என்று சிரித்தாள். கரண்டி. அவள் சொன்னதும் வந்து உட்கார்ந்துகொண்டது, எங்கேயும் போகாத மாதிரி. நானும் சிரித்தேன். அள்ளி, நல்லா இல்ல? என்றேன். நல்லாத்தான் இருக்கு, கடையில போய் ஒரு அள்ளி குடுங்கன்னு கேளுங்க, நல்லா அள்ளிக் குடுப்பான் என்றாள். அண்ணியும் இப்படித்தான் சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் நடக்கும்போது பொருள்களை மனதுக்குள் பெயர் சொல்லித் தொட்டுக்கொண்டே போகிறேன். சொம்பு, வடிகட்டி, திருகாணி, கொண்டி, முறம். ஒருவரும் பார்க்காதபோது உதடு அசைகிறது. முறத்துக்கு ஒரு கணம் ஆனது. அந்த ஒரு கணத்தில் எத்தனை யோசனை?

ஒளிவேகத்தின் இரண்டாயிரம் மடங்கு என்கிறது கலம். தொலை, 0.12. போய்ச் சேர ஆகும் நேரம் என்று ஓரத்தில் ஒன்று ஓடுகிறது. கிளம்பும்போது அது மூன்று நாள் என்றது, பிறகு இரண்டு மணி நேரம் என்றது, இப்போது அரை மணி நேரம் என்கிறது. வேகம் கூடக் கூடக் கணக்கை மாற்றிக்கொள்கிறது. டாக்டர்களும் இப்படித்தான் அண்ணனிடம் சொன்னார்கள், வேறு திசையில். பல வருஷம் இப்படியே இருக்கலாம் என்றார்கள், பிறகு சில வருஷம் என்றார்கள், பிறகு வருஷக் கணக்கை விட்டுவிட்டார்கள். அண்ணனின் மகன் என்னிடம் போனில் மெல்லச் சொன்னான், சித்தப்பா, நீங்களும் ஒருதடவ பாத்துக்கறது நல்லது, சில குடும்பத்துல இது வரிசையா வருமாம். எனக்கென்ன, நான் வார்த்தைகளோடயே வாழறவன் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன். மின்கம்பிகளோடேயே வாழ்ந்தவருக்குக் கம்பியின் பெயர்தான் முதலில் போனது.

இந்த விளையாட்டில் விண்மீன்களின் தூரத்தை அளப்பதற்கென்றே ஒரு பணி உண்டு. போன மாதம் அதைச் சோதித்தேன். கோளின் பாதையில் ஒரு முனையில் நின்று விண்மீனைக் குறிக்க வேண்டும், பிறகு எதிர் முனைக்குப் போய் மறுபடி குறிக்க வேண்டும். பின்னால் இருக்கிற தூர விண்மீன்களுக்கு முன்னால் அது எவ்வளவு நகர்ந்து தெரிகிறதோ அதை வைத்துத் தூரம் வரும். இடமாறு தோற்றம். கட்டைவிரலை நீட்டி ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடினால் விரல் குதிக்குமே, அதேதான். இப்போதும் விரலை நீட்டுகிறேன். பால்கனிக் கண்ணாடி வழியாக எதிரே சி பிளாக் மொட்டைமாடியின் ஒரு மூலை மட்டும் தெரிகிறது. இடது கண், விரல் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால். வலது கண், கொடிக்கம்பிக்கு முன்னால். ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒரே கண்ணால் பார்த்தால் விரலும் தொட்டியும் ஒட்டிக்கொண்டுதான் தெரியும், எது கிட்டே எது தள்ளி என்று சொல்ல முடியாது. தூரம் தெரிய இரண்டு இடம் வேண்டும். அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன், உனக்கு எப்படி இருக்குண்ணா என்று. எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன் என்றார். பொய் இல்லை. அவர் நின்ற இடத்திலிருந்து எதுவும் நகரவில்லை. எதிர் முனையில் நின்று பார்த்தது அண்ணி ஒருவர்தான், அவரையும் நான் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

0.06. சிவப்பாக ஒரு புள்ளி திரையின் நடுவில் பிறந்திருக்கிறது. கடைக்கோடியின் சூரியன். இனி நேரமில்லை. க, கா, கி, கீ. மறுபடி வேண்டாம். வேறு வழியில் போவோம், யார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்? அண்ணன் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வழி கேட்கிறவர்களிடம் சொல்லுவார், பஸ் ஸ்டாப்ல எறங்குங்க, அங்கிருந்து ஏதோ தூரம்தான். அந்த ஏதோ மட்டும் வாயசைகிறது, சத்தம் இல்லை. அவர் முகம் தெரிகிறது, கை நீண்டு திசை காட்டுவது தெரிகிறது, மணிக் காப்பு, இல்லை, கைக்கடிகாரம் தெரிகிறது. கைக்கடிகாரம் என்றுதான் முதலில் நினைத்தேனா, அவர் சொல் முதலில் வந்ததா? அவர் சொல்தான் முதலில் வந்தது. துளை போடுகிற சத்தம் நின்றுவிட்டது. வீடு சட்டென்று மிகப் பெரியதாக இருக்கிறது. வசந்தாமணி போய் எவ்வளவு நேரமாகிறது? எங்கே போகிறேன் என்றாள்? மிளகாய் என்றாள். சரளா என்றாள். எந்தச் சரளா? சி பிளாக் சரளா, தெரிகிறது, ஆனால் ஒரு கணம் தெரியவில்லை, அல்லது தெரியாது என்று பயந்ததில் அந்த ஒரு கணம் உண்டாயிற்று. எது முன், எது பின்? போனை எடுத்தேன். எதற்கு என்று தெரியாமலே அவள் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது.

"என்னங்க?" என்றாள். பின்னால் காற்றும் சரளாவின் பேச்சும்.

"எங்க இருக்கே?"

"எங்க போயிட்டேன் இப்ப? சரளா வீட்டு மாடியிலதான் நிக்கறேன். கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு எதுக்குங்க போன் போடறீங்க? பால்கனிக்கு வந்து ஒரு சத்தம் போட்டா கேக்காதா? அந்த ராக்கெட்டுல ஏறுனதுல இருந்து உங்களுக்கு எல்லாமே தூரந்தான்."

இன்னும் ஏதோ சொன்னாள், மிளகாய் நன்றாகக் காய்ந்துவிட்டது, வீட்டில் பெரிய டப்பா இருந்தால் எடுத்துவையுங்கள் என்று. சரி என்றேன். போனை வைத்தேன். கூப்பிடு தூரம். கு-வுக்கும் கெ-வுக்கும் நடுவில், ஷெரின் நுழைந்த இடத்தில், கூ. மலையாளம் முடிச்சிட்டாங்க என்ற செய்தியைப் படித்துவிட்டு ஒரு முழு எழுத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறேன். அகராதியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டுப் போகிறவனைத் திட்டத்திலிருந்தே அனுப்பியிருப்போம். எவ்வளவு சாதாரணச் சொல். அண்ணனின் வாய் இப்போது சத்தத்தோடு அசைகிறது, அங்கிருந்து கூப்பிடு தூரந்தான். 0.02 என்கிறது திரை. கலம் இன்னும் போய்ச் சேரவில்லை. சொல் வந்துவிட்டது. அப்படியானால் பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். இது வயது, எல்லோருக்கும் வருவது, விட்டுவிடலாம். ஆனால் சொல் எனக்கு வந்ததா, அவளிடமிருந்து வாங்கியதா? தேர்வில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து எழுதினால் மதிப்பெண் உண்டா? முப்பது வருடம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்புறம், இது தனியாக ஒருவனிடம் இருக்கக்கூடிய சொல்லா என்பதே சந்தேகம். காதத்தை ஒருவன் அளக்கலாம். யோசனையையும் அளக்கலாம். இந்தத் தூரத்துக்குக் கூப்பிட ஒருவர் வேண்டும், காதில் வாங்கி என்ன என்று கேட்க இன்னொருவர் வேண்டும். ஒரு முனையில் மட்டும் நின்றுகொண்டு இதை அளக்கவே முடியாது. பந்தயம் யார் பக்கம் என்று தெரியவில்லை. தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு வேலையையாவது முடிப்போம் என்று, கோப்பைத் திறந்து, ஆலங்கட்டி வரம்பை அழித்து, கூப்பிடு தூரம் என்று எழுதிச் சேமித்தேன். திரை ஒருமுறை இமைத்துச் சொற்களைப் புதுப்பித்துக்கொண்டது.

பெட்டி வழக்கம்போலத் தன் வேலையைச் செய்திருந்தது. எட்டு வரை எண்ணி, இதற்கு மேல் இடமில்லை என்று மிச்சத்தைத் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தது. மேல் பெட்டியில் தொலை. கீழ்ப் பெட்டியில், இன்னும் பச்சையாகாத சாம்பல் நிறத்தில், கூப்பிடு.

இதை ஷெரினுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, தமிழில் இரண்டு சொல்லையும் அரைகுறையாக வெட்டினால் இரண்டும் கட்டளையாகிவிடுகின்றன, இலக்கண விதிப்படி இது இப்படி என்று. எழுதவில்லை. தொலை, கூப்பிடு. தொலை, கூப்பிடு. கைப்பிடியைக் கீழே வைத்தேன். கடைசி நேரத்தில் வேகத்தைக் குறைக்காவிட்டால் கலம் நிலையத்தைத் தாண்டி ஓடிவிடும், தெரியும். எழுந்து பால்கனிக் கதவைத் தள்ளினேன். வெயில் முகத்தில் அடித்தது. எதிரே மாடியில் சிவப்பாக மிளகாய் விரிந்து கிடக்க, வசந்தாமணி முறத்தோடு குனிந்திருந்தாள். முறம், வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் இருந்து இன்றுவரை அவளை ஊர் கேட்கப் பெயர் சொல்லி அழைத்ததில்லை, இந்தாம்மா, இங்க பாரு, அவ்வளவுதான்.

"வசந்தாமணி."

நிமிர்ந்தாள். சரளாவும் நிமிர்ந்தாள். கீழே வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். "அட, போனை வெச்சுட்டு வந்துட்டீங்களா? என்னங்க?" என்றாள்.

"போன வாரம் கரண்டிய அள்ளறதுன்னு சொன்னேன் பாரு."

"அதுக்கு இப்ப என்ன?" சரளா ஏதோ சொல்லிச் சிரித்தாள். வசந்தாமணியும் சிரிக்கத் தொடங்கியிருந்தாள், அண்ணி சிரித்த அதே இடத்திலிருந்து.

"விளையாட்டுக்குச் சொல்லல," என்றேன். இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. "எனக்கு அந்தப் பேரு வரல."

அந்த இடைவெளியைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியின் சிறு பங்கு போதும். போய்ச் சேர அதைவிட அதிகம் ஆனது. சிரிப்பு அவள் முகத்தில் நின்றது, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் இறங்கியது. என்னையே பார்த்தாள், கண்ணுக்கு மேல் கையை வைத்து, வெயிலை மறைத்துக்கொண்டு, நான் எவ்வளவு தள்ளி நிற்கிறேன் என்று அளப்பவள் போல. முறத்தைச் சரளாவின் கையில் கொடுத்தாள். அவள் சத்தம் போடவில்லை, எனக்குக் கேட்கவும் இல்லை, ஆனால் வாய் அசைந்தது தெரிந்தது. இருங்க, வர்றேன்.

மாடிப்படிக் கதவுக்குள் மறைந்தாள். உள்ளே கலம் நிலையத்தைத் தாண்டியிருக்கும், எண் மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும். சி பிளாக்கின் படிகள், நடைபாதை, இந்தப் பக்கத்து லிஃப்ட். எவ்வளவு தூரம் என்று கேட்டால் அஞ்சு நிமிஷம் என்பாள். வாசல் கதவைத் திறந்துவைக்கப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். தாழ்ப்பாள் என்று சொல்லிக்கொண்டேன்.